மாகட் பெரிய பயிற்சியாளரா, ஆட்களைச் சக்கையாகப் பிழிந்தவரா?

ஏதென்ஸ்83

நேற்று வேறொரு இழையில் ஜெர்மன் பயிற்சியாளர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் ஃபெலிக்ஸ் மாகட்டை "மெடிசின் பால் வாத்தியார்" (மெடிசின் பால் என்பது உடற்பயிற்சிக்கான கனத்த பந்து) என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1953ல் ஆஷாஃபென்பர்கில் பிறந்தவர். அப்பா புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த அமெரிக்கப் படைவீரர். பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே அவர் கிளம்பிப் போய்விட்டார், அம்மாதான் வளர்த்தார். 1976ல் சார்ப்ரூக்கனிலிருந்து ஹாம்பர்குக்கு வந்த மாகட் அங்கே பத்து வருடம் நடுக்களத்தில் ஆடினார். ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவில் 306 ஆட்டங்கள், 46 கோல்கள், மூன்று லீக் பட்டங்கள். 1977ல் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதியில் ஆண்டர்லெக்டை 2-0 என்று வென்றபோது இரண்டாவது கோல் இவருடையது. ஜெர்மனிக்கு 43 ஆட்டங்கள். 1980ல் ஐரோப்பிய சாம்பியன், 1982, 1986 உலகக் கோப்பைகளில் இரண்டாம் இடம்.

ஆனால் என் பெயரைப் பார்த்தாலே எந்த ஆட்டத்தைச் சொல்லப்போகிறேன் என்று தெரியும். 1983 மே 25, ஏதென்ஸ், கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி. எதிரே யுவென்டஸ். முந்தைய வருடம் உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியிலிருந்து ஆறு பேர், கூடவே பிளாட்டினி, போனியெக். ஒன்பதாவது நிமிடம் மாகட் இடப்பக்கம் பந்தை வாங்கினார். அடிக்கப் போவதுபோல் பாவனை காட்டி, மறிக்க வந்த பெட்டெகாவை ஒதுக்கிவிட்டு, பெட்டிக்கு வெளியிலிருந்தே இடது காலால் தூக்கி அடித்தார். பந்து கோல்கீப்பர் ஸோஃபைத் தாண்டித் தூரத்து மூலையில் போய் விழுந்தது. மீதி ஆட்டம் முழுக்க அந்த ஒரு கோலை ஹாம்பர்க் காப்பாற்றியது.

பயிற்சியாளராக? பயர்ன் மியூனிக்குடன் 2005, 2006 இரண்டு சீசனிலும் லீக், கோப்பை இரண்டையும் வென்றார். ஜெர்மனியில் அதை அடுத்தடுத்துச் செய்த முதல் பயிற்சியாளர் அவர்தான். 2009ல் வொல்ஃப்ஸ்பர்கை சாம்பியன் ஆக்கினார், அந்த கிளப்புக்கு அதற்கு முன் ஒரு லீக் பட்டம்கூடக் கிடையாது. இதையெல்லாம் மெடிசின் பால் வென்று தந்ததா?

கோல்கிக்

அண்ணா, அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான். அவசரத்தில் எழுதியது, ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆட்டக்காரர் மாகட்டைப் பற்றி எனக்கு வழக்கே இல்லை. ஏதென்ஸ் கோலைப் பார்த்த யாரும் வேறு மாதிரி பேச முடியாது. ஆனால் பயிற்சியாளரைப் பாருங்கள். ஸ்டுட்கார்ட்டைத் தவிர ஜெர்மனியில் எந்த கிளப்பிலும் மூன்று முழு வருடம் தாக்குப்பிடித்ததில்லை. பயர்னில் இரண்டரை வருடம், 2007 ஜனவரி 31 அன்று வேலை போனது. ஷால்கவில் இரண்டு வருடம்கூட முடியவில்லை. வொல்ஃப்ஸ்பர்குக்குத் திரும்ப வந்தபோது 2012 அக்டோபரில் எட்டு ஆட்டங்களில் ஐந்தே புள்ளிகளோடு கடைசி இடம். லண்டனில் ஃபுல்ஹாம் அவர் கையில் இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கியது, அடுத்த சீசனில் ஏழு ஆட்டங்களுக்கு ஒரே ஒரு புள்ளி.

எங்கே போனாலும் ஒரே கதை. முதல் வருடம் பெண்டு நிமிர்த்துவார், அணி ஓடும். இரண்டாவது வருடம் அலுப்புத் தட்டும். அப்புறம் கரும்புச் சக்கைதான். அவரிடம் ஆடியவர்களே சொன்னதைக் கேளுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் அவர் கீழ் ஆடிய பச்சிரூ ஸாலு "ஐரோப்பாவின் கடைசி சர்வாதிகாரி" என்றார். அதே கிளப்பில் ஆடிய நார்வேக்காரர் ஃபியோர்டாஃப்ட், "டைட்டானிக்கை மாகட் காப்பாற்றியிருப்பாரா தெரியாது, ஆனால் பிழைத்தவர்கள் நல்ல உடற்தகுதியோடு இருந்திருப்பார்கள்" என்றார்.

ஏதென்ஸ்83

தம்பி, ஃபியோர்டாஃப்ட் அதைச் சொன்ன சூழலையும் சொல்ல வேண்டும். 1999 டிசம்பரில் மாகட் வந்தபோது ஃபிராங்க்ஃபர்ட் இறங்கும் நிலையில் இருந்தது. அந்த அணி சீசன் முடிவில் தப்பித்தது. அந்த வரியில் புகார் மட்டும் இல்லை, மரியாதையும் இருக்கிறது.

ஸ்டுட்கார்ட்டை ஒரு விதிவிலக்காகத் தள்ளிவிட்டுப் போகிறீர்கள். அவருடைய வேலையின் சாரமே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 2001ல் அவர் போனபோது கிளப்பில் காசு இல்லை. இருந்த பையன்களை வைத்துத்தான் ஆட வேண்டும். ஹில்டப்ராண்ட், ஹிங்கல், குரான்யி, ஹ்லெப். "இளம் முரடர்கள்" என்று ஜெர்மன் பத்திரிகைகள் அன்போடு எழுதின. 2003ல் லீகில் இரண்டாம் இடம். அந்த வருடம் அக்டோபரில் சாம்பியன்ஸ் லீகில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வீழ்த்தினார்கள்.

இன்னொரு பையனை பயர்ன் இரவலாக அனுப்பியது. அங்கே அவனுக்கு இடமில்லை. வலது காலால் ஆடுகிறவன், மாகட் அவனை இடது பின்களத்தில் நிறுத்தி ஐரோப்பியப் போட்டியில் ஆடவைத்தார். பிலிப் லாம். 2014ல் உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன்.

கோல்கிக்

லாம் எங்கே போயிருந்தாலும் லாம்தான். ஒருவர் கையைக் கடந்து போனார் என்பதற்காக அவர் உருவாக்கியவர் ஆகிவிடுவாரா? அப்படிக் கணக்குப் போட்டால் மறுபக்கமும் போட வேண்டும். 2004ல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில் நன்றாக ஆடிவிட்டு வந்த ஷ்வைன்ஷ்டைகரை பயர்னின் இரண்டாம் அணிக்கு அனுப்பியவரும் இதே மாகட்தான்.

ஸ்வீப்பர்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பட்டம், புள்ளி, சீசன் என்று போகிறது. நான் வேறு இடத்திலிருந்து பேசுகிறேன்.

கல்லூரியில் நான் பின்கள வீராங்கனை. மாநில அளவுத் தேர்வுக்கு முன் மூன்று வாரம் முகாம். எங்கள் பயிற்சியாளர் யாரென்று சொல்ல மாட்டேன், அது இங்கே தேவையும் இல்லை. தோற்றால் தண்டனை ஓட்டம், பாஸ் தவறினால் தண்டனை ஓட்டம். தோழியை முதுகில் சுமந்துகொண்டு காலரியின் படி ஏற வேண்டும். இரண்டாவது வாரம் முட்டி வலிக்கிறது என்று சொன்னேன். "வலி வந்தால்தான் பலம் வரும்" என்றார். மூன்றாவது வாரம் தசைநார் கிழிந்தது. எனக்கு அப்போது 19 வயது, அத்தோடு ஆட்டம் முடிந்தது.

அதனால் வொல்ஃப்ஸ்பர்க் பயிற்சித் திடலில் மாகட் ஒரு மேட்டையே கட்டி, அதில் படிகள் வைத்து, வீரர்களை ஏறி இறங்கவைத்தார் என்று படிக்கும்போது எனக்கு முதலில் முட்டிதான் ஞாபகம் வருகிறது. பட்டம் அப்புறம்தான். ஜெர்மன் பத்திரிகைகளே அவரை "குவேலிக்ஸ்" என்றன. வதைப்பது என்ற ஜெர்மன் சொல்லையும் ஃபெலிக்ஸையும் சேர்த்து வைத்த பெயர். அந்தப் பெயர் ஒரு கிளப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடவில்லை, பின்னாலேயே போனது.

ஏதென்ஸ்83

அக்கா, உங்களுக்கு நடந்தது கொடுமை. வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை ஓடவைப்பவர் பயிற்சியாளரே இல்லை.

மாகட்டின் முறை கடுமையானது, அதை நான் மறைக்கப் பார்க்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். அவர் ஆடிய ஹாம்பர்கில் 1979ல் பட்டம் வாங்கித் தந்தவர் பிராங்கோ ஸெபெட்ஸ், கடும் பயிற்சிக்குப் பெயர்போனவர். அப்புறம் எர்ன்ஸ்ட் ஹாப்பல், பேச்சு குறைவு, கண்டிப்பு அதிகம். ஹாப்பலின் கீழ் 1982 ஜனவரியிலிருந்து ஒரு வருடம் ஹாம்பர்க் லீகில் 36 ஆட்டங்கள் தோற்காமல் ஆடியது. இந்த இரண்டு பேரிடமும் ஆடி ஜெயித்த ஒரு மனிதன், ஜெயிப்பதற்கு வழி இதுதான் என்று நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

ஸ்வீப்பர்

நம்பியதில் ஆச்சரியம் இல்லை, சரி. ஹாப்பலின் காலம் 1982. மாகட் வொல்ஃப்ஸ்பர்குக்குத் திரும்பியது 2011. நடுவில் முப்பது வருடம். விளையாட்டு மருத்துவம் எவ்வளவு மாறிவிட்டது! தான் பட்டதையே அடுத்தவரும் பட வேண்டும் என்பது எங்கள் முகாமிலும் கேட்ட வாதம்தான். எங்கள் பயிற்சியாளரும் அவருடைய பயிற்சியாளரைப் பற்றி இப்படித்தான் பெருமையாகப் பேசுவார்.

ரூர்க்கரை

வணக்கம். நான் ஷால்கவின் ஊரான கெல்சன்கிர்ஷனுக்குப் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ஷால்க ஆதரவாளன். இங்கே கதைக்கிற இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2009ல் மாகட் எங்களிடம் வந்தபோது, அதற்கு முந்தைய சீசன் எட்டாம் இடம். வந்த முதல் வருடமே இரண்டாம் இடம். அதுவும் சின்னப் பெடியன்களை வைத்து. மாட்டிப்புக்கு முதல் ஆட்டம், 18 வயது, மியூனிக்கில் பயர்னுக்கு எதிராக, அதிலேயே கோல். இந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது. இதில் நான் ஏதென்ஸ் அண்ணையோடு நிற்கிறேன்.

பிழை இரண்டாம் வருடம். அவர் பயிற்சியாளர் மட்டும் அல்ல, வீரர்களை வாங்குவது விற்பது, நிர்வாகக் குழு இருக்கை எல்லாமே அவர் கையில். வொல்ஃப்ஸ்பர்கிலும் அப்படித்தான் இருந்தவர். ராவுலும் ஹுண்டலாரும் வந்தார்கள், எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் லீகில் முதல் நான்கு ஆட்டமும் தோல்வி, நான்காவது சொந்தத் திடலில், பக்கத்து ஊர்ப் பரம எதிரி டோர்ட்முண்டிடம். ரூர் பகுதியில் அந்தத் தோல்வியோடு ஒருவர் திங்கட்கிழமை வேலைக்குப் போவது எப்படியிருக்கும் என்று இங்கே இருந்தால்தான் விளங்கும். நவம்பரில் கைசர்ஸ்லவுட்டர்னில் 0-5. ஒரு கூட்டம் வீரர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். இது சரியில்லை என்று அவருக்குச் சொல்ல மேலே ஒருவரும் இல்லை, ஏனென்றால் மேலேயும் அவர்தான்.

அதே நேரம் 2011 மார்ச்சைப் பாருங்கள். மார்ச் 2, கோப்பை அரையிறுதி, மியூனிக்கில் ராவுல் தலையால் அடித்த கோலில் பயர்னை வென்றோம். மார்ச் 9, வலென்சியாவை 3-1 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. மார்ச் 16, மாகட்டுக்கு வேலை இல்லை. உதைபந்தாட்டத்தில் இப்படி ஒரு இரண்டு கிழமையை நான் பார்த்ததில்லை.

கோல்கிக்

ரூர்க்கரை சொன்னதுதான் என் வாதத்தின் வேர். அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாகட்டின் இடத்துக்கு ராங்னிக் வந்தார். அதே வீரர்கள். ஏப்ரல் 5 அன்று மிலனில், நடப்பு சாம்பியன் இன்டரை 5-2 என்று அடித்தார்கள். மே மாதம் கோப்பை இறுதியில் டூயிஸ்பர்கை 5-0. அதே கால்கள், அதே மூச்சு. மாறியது ஒன்றே ஒன்று, தலைக்கு மேல் நின்ற பயம் போனது.

ஏதென்ஸ்83

அந்தக் கால்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் யார்? அரையிறுதியில் பயர்னை வெல்லாமல் ராங்னிக்குக்கு இறுதி ஆட்டம் ஏது? வலென்சியாவை வெல்லாமல் மிலன் ஏது? ராவுல் ஏது? லீகில் ராங்னிக்கின் கையிலும் அந்த அணி 14வது இடத்தில்தான் முடிந்தது என்பதையும் எழுதுங்கள்.

ரூர்க்கரை

அது உண்மை. 14வதுதான்.

ஆனால் அண்ணை, டிராக்ஸ்லர் விஷயத்தை நீங்கள் தொடவில்லை. 2011 ஜனவரியில் 17 வயதில் அவனை மாகட் இறக்கினார், சில நாளிலேயே நூர்ன்பெர்க்குக்கு எதிரான கோப்பைக் காலிறுதியில் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோல் அடித்தான். அந்தப் பெடியனிடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிடு, இனி உதைபந்தாட்டம்தான் உன் படிப்பு என்ற மாதிரி ஆலோசனை. இங்கே பெரிய எதிர்ப்பு வந்தது. பிறகு வேறு பள்ளியில் சேர்ந்து படிப்பைத் தொடர்ந்தான். என் மகனும் அப்போது ஒரு சின்னக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு தகப்பனாக எனக்கு அன்றைக்கு மாகட் மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது. ஒரு முழங்கால் போனால் அந்தப் பிள்ளையிடம் என்ன மிஞ்சும்?

ஸ்வீப்பர்

ஒன்றும் மிஞ்சாது. எனக்கு மிஞ்சியது படிப்புதான்.

ஏதென்ஸ்83

டிராக்ஸ்லர் விஷயத்தில் அவர் செய்தது தப்பு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் விவாதம் அவருடைய ஆட்ட அறிவைப் பற்றித் திரும்ப வேண்டும். இவ்வளவு நேரமாக எல்லோரும் ஓட்டம், மேடு, பயம் என்றே பேசுகிறோம். 2008-09 வொல்ஃப்ஸ்பர்க் எப்படி ஆடியது என்று யாரும் பேசவில்லை. நடுக்களத்தில் நான்கு பேர் வைர வடிவில். அடியில் ஜோஸுவே, உச்சியில் மிஸிமோவிச். மிஸிமோவிச் வேகமானவர் இல்லை, துரத்தி ஓடிப் பந்தைப் பறிப்பவரும் இல்லை. உடல்பலம் மட்டுமே கண்ணில் படுகிற பயிற்சியாளராக இருந்தால் அவரைத்தான் முதலில் பெஞ்சில் உட்காரவைத்திருப்பார். மாகட் அவரை அணியின் நடுவே வைத்து, மற்றவர்கள் அவருக்காக ஓட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்த சீசனில் அவர் 20 கோல்களுக்கு வழிசெய்தார். முன்களத்தில் கிராஃபிட்டே 28 கோல், ஜெகோ 26. இரண்டும் சேர்ந்து 54. கெர்ட் முல்லரும் ஊலி ஹோனஸும் 1971-72ல் சேர்ந்து அடித்த 53ஐத் தாண்டிவிட்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஹாம்பர்கின் பத்தாம் எண் ஆட்டக்காரர் தெரிகிறார். மாகட்டும் வேகத்தால் பிழைத்தவர் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்து, யார் எங்கே போவார் என்று இரண்டு நகர்வுக்கு முன்பே தெரிந்து பாஸ் கொடுத்தவர். மஞ்சள்காமாலையில் மாதக்கணக்கில் படுத்திருந்த காலத்தில் சதுரங்கத்தில் இறங்கி, அதன்பிறகு அதை விடாதவர். தன்னைப்போன்ற ஒரு ஆட்டக்காரனைக் கண்டு, அவனைச் சுற்றி அணியைக் கட்டினார். ஜெர்மனி முழுக்க எல்லோரும் வேகத்தையும் துரத்தலையும் பேசத் தொடங்கிய காலத்தில் இதைச் செய்தார்.

குளிர்கால இடைவேளையில் ஒன்பதாம் இடத்தில் இருந்த அணி. அப்புறம் தொடர்ந்து பத்து வெற்றி. ஏப்ரல் 4 அன்று பயர்னை 5-1. கிராஃபிட்டே ஆட்களையும் கோல்கீப்பரையும் கடந்து குதிகாலால் உருட்டிவிட்டாரே, அந்த கோலை இன்னும் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கோல்கிக்

மிஸிமோவிச் பற்றிச் சொன்னது நல்ல வாதம். இதற்கு முன் நான் இப்படி யோசித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே ஆட்டத்தில் 89வது நிமிடத்தில் என்ன செய்தார்? 5-1 என்று முன்னணியில் இருக்கும்போது கோல்கீப்பர் பெனாக்லியோவை வெளியே எடுத்து மாற்று கோல்கீப்பர் லென்ஸை இறக்கினார். தன்னை வேலையைவிட்டு அனுப்பிய கிளப்பை அவமானப்படுத்தத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். பெரிய பயிற்சியாளர் ஜெயித்த பிறகு எதிரியை மிதிக்க மாட்டார்.

ஏதென்ஸ்83

லென்ஸுக்கு அப்போது 35 வயது. வருடம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து, தினமும் அதே மேட்டை ஏறி இறங்கியவர். அந்த கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய நாளில் அவர் கால் புல்லில் பட வேண்டும் என்று நினைத்திருக்கக்கூடாதா? நீங்கள் பயர்னைப் பார்க்கிறீர்கள், நான் லென்ஸைப் பார்க்கிறேன்.

ரூர்க்கரை

ஃபுல்ஹாம் பற்றி ஒன்று. அங்கே ஆடிய ஹாங்கலாண்டின் தொடைக் காயத்துக்குப் பாலாடைக்கட்டி வைக்கச் சொன்னார் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் வருடக்கணக்கில் எழுதின. ஹாங்கலாண்டே அதை வெளியில் சொன்னவர். மாகட் தான் ஆலோசனையாகத்தான் சொன்னதாகவும் முடிவை மருத்துவரிடம் விட்டதாகவும் பதில் சொன்னார். அது "குவார்க்". தயிரைத் துணியில் கட்டி நீர் வடியவிட்டால் வருமே, கிட்டத்தட்ட அந்தப் பதம். இங்கே ஜெர்மனியில் வீக்கத்துக்குத் துணியில் தடவிக் கட்டுவது வீட்டு வைத்தியம், எங்கள் பக்கத்து வீட்டு அம்மா என் மனைவிக்குக் கட்டிவிட்டிருக்கிறார். இதை வைத்து ஒரு மனிதரைப் பைத்தியக்காரர் ஆக்கியது நியாயமில்லை. ஃபுல்ஹாம் இறங்கியதற்கு அவரைத் திட்டுங்கள், அந்த சீசனில் அவர் மூன்றாவது பயிற்சியாளர் என்பதையும் நினைவில் வைத்துத் திட்டுங்கள்.

ஸ்வீப்பர்

இதைத் தெளிவுபடுத்தியதற்கு நன்றி. நானும் அதை வேறு மாதிரிதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏதென்ஸ் சார், நீங்கள் சொல்லும் மிஸிமோவிச் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே கோபமும் கூடுகிறது. இவ்வளவு தெளிவாக ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த மேடு எதற்கு? எங்கள் பயிற்சியாளருக்கு வேறு ஒன்றும் தெரியாது, அதனால் ஓடவைத்தார். மாகட்டுக்கு எல்லாம் தெரியும். வலிக்கிறது என்று சொல்ல வருகிறவன் முகத்தைப் பார்ப்பதுதான் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏதென்ஸ்83

கடைசியில் கொஞ்சம் கற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். 2022 மார்ச், ஹெர்த்தா பெர்லின். அவருக்கு 68 வயது. எட்டு ஆட்டங்கள் மீதி, அணி இறங்கும் நிலையில். கடைசியில் தப்பிப்பதற்கான இரண்டு ஆட்டங்கள், எதிரே யார் தெரியுமா? என் ஹாம்பர்க். 2018ல் இரண்டாம் நிலைக்கு இறங்கி, மேலே வர வருடாவருடம் முட்டிக்கொண்டிருந்த ஹாம்பர்க். பெர்லினில் 1-0 என்று நாங்கள் ஜெயித்தோம். மே 23, ஹாம்பர்கில் இரண்டாவது ஆட்டம். பெஞ்சின் முன்னால் நின்றவர், எங்களுக்கு ஏதென்ஸில் கோப்பை வாங்கித் தந்த மனிதர். போட்டெங்கை நடுக்களத்தில் இறக்கினார், ஹெர்த்தா 2-0. ஆடும் வரிசையை போட்டெங்குடன் கலந்து பேசித்தான் முடிவு செய்ததாக ஆட்டத்துக்குப் பிறகு செய்தி வந்தது. எல்லா அதிகாரமும் தன் கையிலேயே வேண்டும் என்றிருந்தவர், ஒரு ஆட்டக்காரனிடம் கேட்டு அணியை இறக்கினார்.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

கோல்கிக்

இரண்டு மாத வேலையை வைத்து மனிதர் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. 2001லிருந்தே இப்படிக் கேட்டிருந்தால் பயர்னில் இன்னும் ஐந்து வருடம் இருந்திருப்பார். என் கணக்கில் அவர் நல்ல பயிற்சியாளர், பெரியவர் இல்லை. "வாத்தியார்" வரியை மட்டும் அந்த இழையில் போய் எடுத்துவிடுகிறேன்.

ஸ்வீப்பர்

என் கருத்து மாறவில்லை. ஆனால் ஏதென்ஸ் கோலை நேற்று முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். பெட்டெகாவை ஒதுக்கும் அந்த ஒரு அசைவை மட்டும் நாலைந்து தடவை. நான் பின்களத்தில் நின்றிருந்தாலும் அந்தப் பக்கம்தான் விழுந்திருப்பேன்.

ஹாப்பலைப் பற்றி யாராவது தனி இழை தொடங்குங்கள். அந்த 36 ஆட்டங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

ஏதென்ஸ்83

இன்று இரவு தொடங்குகிறேன் அக்கா.